வெளியாளுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களே!

திருத்தணி பக்கத்தில் ஒரு விசைத்தறி முதலாளி, ஜவுளித் தொழில்நுட்பம் படித்த இளைஞன் ஒருவனைப் போன வாரம் என் கண்ணெதிரே விரட்டிவிட்டார். அவன் வேலை கேட்டு வரவில்லை. லுங்கியில் சாயம் ஓடுவதை நிறுத்த வழி இருக்கிறது, செய்து காட்டட்டுமா என்றுதான் கேட்டான். "மூணு தலைமுறையா தறி ஓட்டுறோம், வெளியாளு வந்து எனக்குச் சொல்லித் தரணுமா?" என்றார் அவர். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொதட்டூர்பேட்டையிலிருந்து அம்மையார்குப்பம் வரை இதே பேச்சுதான். தொழில் ரத்தத்தில் வருவதாம். புதுச் சரக்கு முதலாளியின் சொந்த மூளையில்தான் உதிக்குமாம். வெளியே கேட்டால் கௌரவம் போகுமாம், வெளியே சொன்னால் ரகசியம் போகுமாம். நம் தொழிலை இதைவிடக் கெடுத்த நம்பிக்கை வேறில்லை.

சோளிங்கர் வழியாக ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறுங்கள். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட அந்தப் பாலாற்றங்கரைக் குடும்பங்களுக்கும் தலைமுறைப் பெருமை உண்டு. ஆனால் அவர்கள் பாதி பதனிட்டுக் கப்பலேற்றிய தோல், வெளிநாட்டில்தான் ஷூவானது. லாபமும் அங்கேயே தங்கியது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1958-இல் அதன் இயக்குநரான நாயுடம்மா, ஆய்வுக்கூடத்துக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கும் நடுவே இருந்த சுவரை இடித்தார். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபோது, அடுத்த கட்டத்துக்கான வித்தை அடையாற்றில் தயாராக இருந்தது. இன்று அதே பாலாற்றங்கரை ஆம்பூர் ஷூ கடல் கடந்து போகிறது.

அந்த நாயுடம்மா யார்? தெனாலி பக்கத்துத் தெலுங்கர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தோல் தொழிலுக்கு வெளியாளுக்கும் வெளியாள். 1985-இல் வெடித்துச் சிதறிய கனிஷ்கா விமானத்தோடு அவரைப் பறிகொடுத்தோம். அவர் திறந்த வழியில்தான் தமிழ்நாட்டுத் தோல் தொழில் இன்றும் நடக்கிறது.

ரகசியம் போய்விடும் என்கிறீர்களா? ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான தோல் முதலாளிகள் ஒரே நிலையத்தின் படியேறினார்கள். அதனால் ஆம்பூர் மூடிக் கிடக்கிறதா? துணியிலேயே சான்று வேண்டுமென்றால் கோவையைப் பாருங்கள். 1956-இல் அங்குள்ள ஆலைகள் சேர்ந்து சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. சந்தையில் மோதிக்கொண்டவர்கள் ஆராய்ச்சிக்குக் கைகோத்தார்கள். விசைத்தறிக்காரர்களுக்கென்றே சிட்ரா சேவை மையங்களும் நடத்துகிறது. உங்களில் எத்தனை பேர் அங்கே ஒரு முழத் துணியாவது கொண்டுபோனீர்கள்?

தோல் தொழிலே காதை மூடிக்கொண்ட இடத்தில் என்ன நடந்தது? கழிவுநீரைப் பற்றி ஊர் கத்தியது, முதலாளிகள் அசையவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் அபராதம் போட வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்ட இடத்தில் தொழில் வளர்ந்தது, கேட்க மறுத்த இடத்தில் பாலாறு கெட்டது. இரண்டும் அதே தோல், அதே முதலாளிகள்.

வெளியாள் வேண்டாம் என்பவர்கள் உள்ளே இருப்பவர்களையாவது கேட்கிறார்களா? நாள் முழுக்க அறுந்த இழையை முடிகிற பெண்ணுக்குப் பாவு எங்கே பலவீனம் என்று தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கூலி உயர்வு பேசினால்தான் அவள் குரல் முதலாளி காதில் விழுகிறது. ஒரகடத்திலோ ஸ்ரீசிட்டியிலோ கம்பெனியில் வேலை பார்க்கும் சொந்த மகன் அங்கே கற்றதைச் சொன்னால், 'உன் கம்பெனிக் கதை இங்கே வேண்டாம்' என்று வாயடைக்கிறார்கள். நம் கல்லூரிகளும் லேசுப்பட்டவை அல்ல. விலைக்கு வாங்கிய புராஜெக்டுக்கு மார்க் போடுகின்றன. பக்கத்துத் தெருத் தறியின் பழுதைப் பார்க்க மாணவனை அனுப்புவதில்லை.

எல்லைக்காகப் போராடி 1960-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் நம் திருத்தணி. அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். அதற்காக அறிவுக்கும் எல்லை போடுவதா? எல்லை தாண்டி நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுப்பீர்கள், பெண் எடுப்பீர்கள், தெலுங்கில் சம்பந்தம் பேசுவீர்கள். அங்கேயும் தறி ஓடுகிறது. அதைப் பற்றி மட்டும் பேச மாட்டீர்கள்.

மூன்று தலைமுறை தறி ஓட்டியது பெருமைதான். மூன்று தலைமுறையாக அதே கட்டத்தையும் அதே சாயத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது பெருமை அல்ல. நூல் விலைக்கும் மின்கட்டணத்துக்கும் சங்கம் கூட்டுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதற்கும் ஒரு தீர்மானம் போடுங்கள்: எல்லோரும் சேர்ந்து ஒரு ஜவுளிப் பொறியாளருக்குச் சம்பளம் கொடுப்போம், சாயம் ஓடும் லுங்கியைச் சோதனைக்கு அனுப்புவோம், தறியில் நிற்பவர்களை உட்காரவைத்துக் கேட்போம். இதற்கு மனமில்லாதவர்கள், சூரத்துத் துணி வந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்தது என்று இனி யாரிடமும் புலம்ப வேண்டாம்.