மீன் தொட்டிச் செடிக்கு எந்த விளக்கு?

கேள்வி: மீன் தொட்டியில் வைக்கும் நீர்ச்செடிகளை வளர்த்து விற்க 'க்ரோ லைட்' அவசியமா?
– வாசகி, கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: வாசகியின் கடிதம் நான்கு பக்கம். பூ விலை நிலையில்லாமல் ஏறி இறங்குவதால், நீர்ச்செடி வளர்த்துத் திருச்சிக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துப் பார்த்தார்கள். நீல விளக்கு போட்டபோது இலைகள் கரைந்து போயின. வாசலுக்கு வாங்கிய 50 வாட் ஃப்ளட் லைட்டை மேலே கட்டித் தினமும் 12 மணி நேரம் எரியவிட்டதும், பத்தே நாளில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கரைத்தது போல ஆகிவிட்டது. இப்போது 12 தொட்டிக்கும் ஊதா நிற க்ரோ லைட் வாங்க நகையை அடகு வைக்கும் யோசனை.

நகை வீட்டிலேயே இருக்கட்டும். விற்பனைக்குச் செடி பெருக்குவது வேறு, வரவேற்பறைத் தொட்டியில் செடியைப் பசுமையாக வைத்திருப்பது வேறு. முதலாவதற்கு விளக்கே தேவையில்லை.

உச்சி வெயிலில் கிடைக்கும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டுக்குள் ஜன்னலோரம் சில நூறு லக்ஸ்தான். புதுக்கோட்டைச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் கிரிப்டோகரைன், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவை மர நிழலில் ஓடும் ஓடைகளில் வளர்ந்து பழகியவை. நேர் வெயில் இலையைக் கருக்கிவிடும். கத்திரி, மிளகாய் நாற்றுக்குப் போடுவது போல இவற்றுக்கும் நிழல்வலை போட வேண்டும். அதன் கீழே சிமெண்ட் தொட்டியோ தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத குழியோ போதுமானது. வணிக நர்சரிகளில் பல செடிகளை முழுக்க மூழ்கடிப்பதில்லை. ஈர மண்ணில் வேரும், காற்றில் இலையும் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த செடியைத் தண்ணீருக்குள் வைத்ததும் பழைய இலை உதிர்ந்து, சில வாரங்களில் புது இலை வரும். நட்ட நெல் நாற்று பழுத்துப் பிறகு பச்சை பிடிப்பது போலத்தான். வாசகியின் முதல் தொட்டியில் இலை கரைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வேரும் குருத்தும் உறுதியாக இருந்தால் பிடுங்கி எறியத் தேவையில்லை.

நீல விளக்கு, மீனின் நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக விற்பது. அதன் வெளிச்சம் பெரும்பாலும் செடிக்குப் போதாது. ஊதா நிற க்ரோ லைட் கெடுதல் இல்லை, ஆனால் செடி சிவப்பு, நீலம் மட்டுமல்லாமல் பச்சை ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளும். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் இவை மூன்றும் உண்டு. பெட்டியில் 6500கே, 'கூல் டேலைட்' என்று போட்டிருப்பதை வாங்கினால் போதும்.

பார்க்க வேண்டியது வாட் அல்ல, லூமன். அதுவும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். வாசகியின் தொட்டி 2 கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். மேலே சொன்ன நிழல் விரும்பும் செடிகளுக்கு லிட்டருக்கு 20 லூமன் என்பது நல்ல கணக்கு. ஆக 1,000 லூமன். 10 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்று. சிவந்த இலைச் செடிகளுக்கு இரண்டு தேவைப்படும். 50 வாட் ஃப்ளட் லைட் தருவதோ ஏறக்குறைய 5,000 லூமன். செடியால் உண்ண முடியாத அந்த வெளிச்சத்தையும் மீன் கழிவில் உள்ள சத்தையும் நுண்பாசி எடுத்துக்கொண்டது. தண்ணீர் பச்சையானதற்குக் காரணம் அதுதான்.

ஒரு நாளைக்கு 7 முதல் 8 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும். டைமர் ஒன்று மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. 10 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு இரண்டரை யூனிட்டுக்குள்தான் ஆகும். ஜன்னல் வெயில் தொட்டிமேல் விழக் கூடாது. பச்சையாகிவிட்ட தண்ணீருக்கு மருந்து எதுவும் வேண்டாம்: மூன்று நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றி, விளக்கு நேரத்தை 6 மணியாகக் குறைத்து, மீனுக்கு இரையையும் குறைத்தால் தெளியும்.

கை விடுமுன் விளக்கின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

விற்பனை பற்றியும் ஒரு வார்த்தை. 12 தொட்டி வேண்டாம். நிழல்வலையின் கீழே நான்கு சிமெண்ட் தொட்டியில் ஆரம்பிக்கலாம். அதற்கும் முன்னால் மகன் திருச்சிக்குப் போய், எந்தச் செடி மாதம் எத்தனை கட்டு எடுப்பார்கள், என்ன விலை தருவார்கள் என்று இரண்டு மூன்று கடைகளில் கேட்டு வர வேண்டும். கடிதத்தின் நான்கு பக்கத்தில் இந்த விவரம் மட்டும் இல்லை. கொசுப்புழு வராமல் தொட்டிக்கு நாலு கப்பி மீன் விட்டுவைக்கலாம்.

கழித்த செடியைக் கண்மாயிலோ ஊரணியிலோ கொட்டவே கூடாது. 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்தது கபோம்பா என்ற வெளிநாட்டு மீன் தொட்டிச் செடி. ஆகாயத்தாமரையோடு நம் கண்மாய்கள் படும் பாடு போதாதா? வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகு எருக்குழியில் போட்டுவிடலாம்.