ஆல்டடீனாவின் மறுகட்டுமானமும் வரிப்பணமும்

2025 ஜனவரி 7 அன்று மூண்ட ஈட்டன் காட்டுத்தீ, கலிபோர்னியாவின் ஆல்டடீனாவிலும் சுற்றுப்புறத்திலும் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்ததோடு, அவற்றின் மீது விதிக்கப்பட்டுவந்த சொத்து வரியையும் குறைத்துவிட்டது. தனி நகராட்சி இல்லாத ஆல்டடீனாவின் உள்ளாட்சிப் பொறுப்பு பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி நிர்வாகத்தையே சார்ந்திருக்கிறது. கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமை பொதுக் கட்டமைப்புச் செலவில் குறைந்தது 75 விழுக்காட்டை ஏற்றாலும், பெரும்பாலும் செலவான பின்னரே ஈடுசெய்கிறது என்பதால், முன்பணம் இல்லாத உள்ளாட்சி தொடக்கத்திலேயே தடுமாறுகிறது.

இவ்விடைவெளியை நிரப்பப் பரிந்துரைக்கப்படும் வழிகளுள் ஒன்று வரி உயர்வு நிதியாக்கம். அதாவது, தீக்குப் பிந்தைய தாழ்ந்த சொத்து மதிப்பை அடிப்படையாகக் கொண்டு, வீடுகள் எழ எழக் கூடும் வரியை வட்டாரத்தின் சாலைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கி, அந்த வருவாயை நம்பிக் கடன்பத்திரம் வெளியிடுவது. வரி விகிதம் உயராது என்பது இதன் சிறப்பு.

ஆயினும் 1978-இல் கலிபோர்னியாவில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு என்னும் சட்டத்திருத்தம், சொத்தின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்வதைத் தடுத்து, கைமாறும்போதோ புதிதாகக் கட்டப்படும்போதோ மட்டும் சந்தை விலைக்கு உயர்த்துகிறது. ஆனால் பேரிடருக்குப் பின் முந்தைய அளவிலேயே வீட்டைக் கட்டிக்கொள்ளும் பழைய உரிமையாளருக்குப் பழைய மதிப்பே தொடர்கிறது. ஆகவே, குடியிருந்தோர் மனையை விற்று வெளியேறும் இடத்தில்தான் வருவாய் வேகமாகப் பெருகும். தலைமுறைகளாகக் கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு கண்ட ஊரில் இந்த முரண் மிகக் கொடியது. எனவே, கடன்பத்திரத்துக்கு முன்பாக மாநில அரசு முன்பணம் வழங்குவதும், பெறப்படும் வருவாயில் ஒரு பகுதியைத் திரும்பிவரும் குடும்பங்களின் கட்டுமானத்துக்கெனச் சட்டப்படி ஒதுக்குவதும் இன்றியமையாதவை.