உத்தமர் நிறைந்த வீடுகள்

எங்கள் பெரியம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்காகப் பத்திரிகையில் வெளியிட வேண்டிய அறிவிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, திதியும் பிள்ளைகள், பேரன் பேத்திகளின் பெயர்களும் கால் மணி நேரத்தில் அடங்கிவிட, அவர் பெயருக்கு முன்னால் எந்த விசேஷணத்தை இடுவது என்ற ஒரே விஷயத்தில் குடும்பம் முழுவதும் இரண்டு நாள் விவாதித்தது. ‘அன்பின் சிகரம்’ என்றார் ஒருவர். ‘தியாகச் சுடர்’ என்றார் மற்றொருவர். ‘கோபமே அறியாத உத்தமி’ என்று சித்தப்பா சொன்னபோது, பெரியம்மாவுக்கு அஞ்சித் தெருக்கோடியிலேயே பீடியை எறிந்துவிட்டு வீட்டுக்குள் வருபவர் அவரே என்பது நினைவுக்கு வந்து, துக்கத்தையும் மறந்து எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சமஸ்கிருதத்தில் ‘தம’ என்றோ ‘இஷ்ட’ என்றோ ஒரு விகுதி சேர்ந்துவிட்டால், யாரோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமலே ஒருவரை உச்சியில் ஏற்றிவிடலாம். உத்தமர், சிரேஷ்டர் என்ற சொற்கள் அவ்வாறு பிறந்தவையே. தமிழில் அத்தகைய விகுதி கிடையாது என்பதை, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் எடுத்துக் காட்டியிருக்கிறார். ‘மிக’ என்று அடைகொடுத்தாலும் அது மிகுதியைச் சொல்லுமேயன்றி முதலிடத்தைச் சொல்லாது. ‘இன்’ என்னும் ஐந்தாம் வேற்றுமையாலோ, வழக்கில் உள்ள ‘விட’ என்பதாலோ, யாரைக் காட்டிலும் என்று சொல்லித்தான் நாம் ஒருவரை உயர்த்த முடியும். இதைக் குறை என்பாருண்டு. நான் இதை நம் மொழியின் நேர்மை என்பேன்.

கல்யாணப் பத்திரிகையில் காணும் ‘ஜேஷ்ட குமாரன்’, ‘கனிஷ்ட குமாரத்தி’ என்பனவும் அந்த ‘இஷ்ட’ விகுதி பெற்றவையே. ஆயினும், உடன்பிறந்தாருள் மூத்தவன், இளையவள் என்ற அளவு அவற்றிலேயே அடங்கியிருப்பதால், வீட்டில் வழங்கும் தலைச்சன், கடைக்குட்டி என்ற சொற்களைப் போலவே அவற்றையும் எவரும் மறுப்பதில்லை.

இதை எண்ணியே, ‘எங்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கோபித்தவர்; எல்லாரையும்விடச் சீக்கிரம் அதை மறந்தவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். சித்தப்பா ஒரு முறை படித்துவிட்டு, “அண்ணியேதான்” என்றார்.

உங்கள் வீட்டார் ஒருவரைப் பற்றி எழுத நேரும்போது, சிகரத்தையும் சுடரையும் ஊருக்குப் பொதுவாக விட்டுவிட்டு, யாரைவிட, எதில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லும் சொல்லையே தேடுங்கள்.