சைட்டேஷன் எகிறினால் நல்ல சர்ஜனா? மாக்கியரினி விவகாரம் சொல்லும் பாடம்

ஒரு டாக்டரைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் இப்போது பலரும் முதலில் செய்வது கூகுள் தேடல். பெயரைப் போட்டால் போதும். எத்தனை ஆய்வுக் கட்டுரைகள், எத்தனை சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று எல்லாம் வந்து நிற்கும். எண் பெரிதாக இருந்தால் ஆளும் பெரிய ஆள் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு சர்ஜன் பாவ்லோ மாக்கியரினியின் கதை ஒன்றே போதும்.

சைட்டேஷன் என்றால் என்ன?

ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டினால் அது ஒரு சைட்டேஷன். ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு. தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் ஒருவரிடம் இருந்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 20. அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'இந்த ஆய்வு அருமை' என்று மேற்கோள் காட்டினாலும் ஒன்றுதான், 'இந்த ஆய்வு தப்பு' என்று மேற்கோள் காட்டினாலும் ஒன்றுதான். எண்ணுகிற மெஷினுக்குப் பாராட்டும் தெரியாது, திட்டும் தெரியாது.

என்ன நடந்தது?

2008-ல் பார்சிலோனாவில் ஒரு பெண்ணுக்கு, இறந்தவரிடமிருந்து எடுத்த மூச்சுக்குழாயில் அவருடைய சொந்த செல்களையே வளர்த்துப் பொருத்தியது மாக்கியரினியின் குழு. புகழ்பெற்ற 'லான்செட்' ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரை நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டது. 2010-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் அவரை வருகைதரு பேராசிரியராகச் சேர்த்துக்கொண்டது. அவரைப் பற்றி எதிர்மறையான பரிந்துரைகள் வந்திருந்தும் இந்த நியமனம் நடந்தது என்பது பின்னாளில் விசாரணையில் தெரியவந்தது.

2011 ஜூனில் பிளாஸ்டிக்கால் ஆன செயற்கை மூச்சுக்குழாயில் ஸ்டெம் செல்களை வைத்து ஒருவருக்குப் பொருத்தினார். ஐந்து மாதம் கழித்தும் பெரிய சிக்கல் எதுவும் இல்லை என்றது லான்செட் கட்டுரை. 2014 ஜனவரியில் அந்த நோயாளி இறந்துபோனார். கரோலின்ஸ்காவில் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தப்பட்ட மூன்று பேரும் இன்று உயிரோடு இல்லை.

கேள்வி கேட்டவர்கள் யார்? அதே மருத்துவமனையின் நான்கு டாக்டர்கள். 2014-ல் நோயாளிகளின் பதிவேடுகளையும் கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று புகார் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த விசாரணையாளர் 2015-ல் 'முறைகேடுதான்' என்றார். நிர்வாகமோ அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 'முறைகேடு இல்லை' என்று மாக்கியரினியை விடுவித்தது. 2016-ல் ஸ்வீடன் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று எல்லாவற்றையும் வெளிச்சம் போட்ட பிறகுதான் அவருக்கு வேலை போனது. துணைவேந்தரும் பதவி விலகினார்.

2018-ல் லான்செட் இரண்டு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2023-ல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2008-ல் வந்த அந்த முதல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதும் 2023-ல்தான். அதாவது 15 ஆண்டுகள் கழித்து!

எண் ஏன் குறையவில்லை?

கட்டுரை திரும்பப் பெறப்பட்டாலும் அதற்கு ஏற்கெனவே கிடைத்த சைட்டேஷன்கள் அழிவதில்லை. கூகுள் ஸ்காலர் போன்ற தளங்களில் அவை கணக்கில் தொடர்கின்றன. நோயாளி இறந்தது அந்த எண்ணில் எங்கேயும் பதிவாகாது.

அப்போ சைட்டேஷனே வேஸ்ட்டா? இல்லை. 2009-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அறுவை சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் பற்றிய ஆய்வு வந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த அந்த ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அதுவும் ஏகப்பட்ட சைட்டேஷன் வாங்கிய கட்டுரைதான். ஆனால் அதன் மதிப்பைப் பேச சைட்டேஷனே தேவையில்லை. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு அதிலேயே இருக்கிறது.

சைட்டேஷன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆய்வைப் பற்றி நிறைய பேர் பேசுகிறார்கள். அது உண்மையா, நோயாளி நலமாக இருக்கிறாரா என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். புதிய அறுவை சிகிச்சையைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர் ஐந்து மாதத்தோடு நிறுத்தக் கூடாது. ஐந்து ஆண்டு கழித்து அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும் வெளியிட வேண்டும். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் கட்டுரைகளை எண்ணினால் போதாது, பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களிடமும் விசாரிக்க வேண்டும். கரோலின்ஸ்காவில் உண்மையைக் கண்டுபிடித்தது எந்த இண்டெக்ஸும் இல்லை, வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேர்தான். அவர்கள் சொன்னதை முதலிலேயே காதில் வாங்கியிருந்தால், அந்தக் கட்டுரைகள் இத்தனை ஆண்டுகள் மருத்துவ சாதனையாக உலா வந்திருக்காது.