கரிநெருப்பும் ஒரு கிண்ணம் மீன் சூப்பும்



இந்த மாதம் உங்களைச் சமையலறைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். போதகருக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். என் குறை ஒன்றை முதலில் அறிக்கையிட்டால் காரணம் விளங்கும்.

2011-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மும்பையில் அடைமழை. எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வாலிபன் காய்ச்சலாய்க் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, தாராவியில் அவன் தங்கியிருந்த மாடி அறைக்குச் சென்றேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. உடன் தங்கியிருந்த நால்வரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வேதத்தை வாசித்தேன், தலையில் கைவைத்து ஜெபித்தேன். "விசுவாசமா இரு தம்பி, கர்த்தர் எழுப்பிவிடுவார்" என்று சொல்லி வீடு திரும்பினேன்.

என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டானாம்?"

எனக்கு விடை தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. அரைமணி நேரம் அந்த அறையில் அமர்ந்திருந்தும், மூலையில் கிடந்த அடுப்பு பற்றவைக்கப்படாதிருந்ததை என் கண்கள் கவனிக்கவில்லை. அன்று மாலை இருவருமாகத் தூக்குச்சட்டியில் மீன் சூப் எடுத்துச் சென்றோம். இரண்டு நாட்களாகத் தேநீரும் பன்னும் தவிர அவன் எதையும் உண்டிருக்கவில்லை. ஒரு கிண்ணத்தைக் குடித்து முடித்தவன், "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று தெரிந்தது. மருந்து உண்டான், ஜெபமும் தொடர்ந்தது, கர்த்தர் சுகம் கொடுத்தார். ஆனால் மனைவி கேட்ட அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

அதன்பிறகு பழக்கமான வேதபகுதிகளே எனக்குப் புதிதாய்ப் பேசின. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமியை ஆண்டவர் மரணத்திலிருந்து எழுப்பினார். அந்த அற்புதத்தைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் 43-ஆம் வசனத்தின் முடிவைக் கடந்தே போயிருக்கிறேன். அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி அவர் கட்டளையிட்டார். எழுந்திரு என்று சொன்ன அதே வாய்தான் ஆகாரம் கொடுங்கள் என்றும் சொல்லிற்று.

யோவான் 21-ஐப் பாருங்கள். இரவு முழுவதும் வலைவீசியும் ஒன்றும் அகப்படாமல் சோர்ந்திருந்த சீஷர்களுக்காக, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனையும் அப்பத்தையும் ஆயத்தமாய் வைத்திருந்தார். அவர்களுள் அவரை மறுதலித்த பேதுருவும் இருந்தான். மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான் (யோவான் 18:18). அவனிடம் கேட்கவேண்டிய கேள்வி ஆண்டவருக்கு இருந்தது. ஆனால் அவர்கள் உண்டு முடித்த பின்னரே அதைக் கேட்டார். முதலில் ஆகாரம், பிறகு விசாரணை. நாமோ பலமுறை வெறும் வயிற்றோடிருப்பவனுக்கு உபதேசத்தை முதலில் பரிமாறிவிடுகிறோம்.

இனி அந்த மீன் சூப்பைச் செய்யும் விதத்தை என் மனைவி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இது நால்வருக்குப் போதுமானது.

அரைக்கிலோ வெள்ளைச் சதை மீன் வாங்குங்கள். நோயாளிக்குக் கிழங்கான் மிகவும் ஏற்றது. அது எளிதில் செரிக்கும். வாவலும் காலாவும் நன்று. இங்குள்ள சந்தையில் கோலிப் பெண்களிடம் வாவலைப் பாப்லெட் என்றும், காலாவை ராவஸ் என்றும் கேட்கவேண்டும். மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள் குழம்புக்குச் சிறந்தவை. ஆனால் இந்த இலேசான சூப்பில் அவற்றின் வாடை மேலோங்கிவிடும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. காய்ச்சல் பெருகும் மழைக்காலமும் அதுவே. அந்நாட்களில் சிறுபடகுகளில் வரும் கரையோர மீன் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ரோகு போன்ற நன்னீர் மீன் போதும். அதில் முள் அதிகம் என்பதால் கவனம் தேவை.

மீனின் செவுளையும் உள்ளிருக்கும் இரத்தத்தையும் முற்றிலும் நீக்கிவிடுங்கள். சூப் கசப்பதற்கு அவையே பெரும்பாலும் காரணம். உப்பும் மஞ்சளும் தடவிக் கழுவி, தலையையும் நடுமுள்ளையும் தனியே, சதையைத் தனியே வையுங்கள்.

தலையையும் முள்ளையும் ஒரு லிட்டர் தண்ணீரில் இட்டு, தட்டிய சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், ஓர் அங்குல இஞ்சி, நறுக்கிய தக்காளி ஒன்று, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதி வந்தவுடன் தீயைத் தணித்து, மேலே வரும் நுரையை அகற்றிவிடுங்கள். 20 நிமிடம் போதும். ஆட்டெலும்பைப் போல் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் சுவை கெட்டுவிடும். பிறகு மெல்லிய துணியிலோ வடிகட்டியிலோ வடித்துவிடுங்கள்.

வடித்த சாற்றை மீண்டும் அடுப்பிலேற்றி, பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, அளவான உப்புச் சேர்த்து, மீன் சதையை மெதுவாய் இடுங்கள். இளந்தீயில் ஐந்தாறு நிமிடத்தில் சதை வெண்மையாகி இதழிதழாய்ப் பிரியும். உடனே இறக்கிக் கொத்தமல்லி தூவி, அரைமூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசக்கும். புளியும் தேங்காயும் தாளிப்பும் இதற்குத் தேவையில்லை. நோயாளிக்குக் கொடுக்குமுன் சதையை விரல்களால் உதிர்த்து, முள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மீன் ஒவ்வாதவர்களுக்கு இதைக் கொடுக்கலாகாது. சிறுநீரக நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடியே நடக்கட்டும். மற்றொன்று, சூப் தெம்பூட்டும்; அது மருந்தல்ல. மழைக்காலக் காய்ச்சல் மலேரியாவாகவோ டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். மருத்துவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று ஒருவரையும் தடுக்காதீர்கள்.

பிரியமானவர்களே, ஊரில் ஒருவன் படுத்தால் அத்தையும் சித்தியும் கஞ்சியோடு வந்துவிடுவார்கள். பட்டணத்திலே கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? ஞாயிறு ஆராதனையில் கைதட்டிப் பாடிய வாலிபன் புதன்கிழமை தனியறையில் பசியோடு படுத்திருந்தால், சபை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? உடைக்கும் உணவுக்கும் வழியில்லாத சகோதரனைச் சமாதானத்தோடே போகச் சொல்லி வெறுங்கையாய் அனுப்புவதால் பயனென்ன என்று யாக்கோபு 2:15,16 நம்மைக் கேட்கிறது.

தனியே தங்கியிருக்கும் பிள்ளைகளின் பெயர்களை உங்கள் சபையில் இந்த மாதமே ஒரு தாளில் எழுதுங்கள். நோயுற்றால் இன்ன வாரம் இன்ன குடும்பம் ஆகாரம் கொண்டுபோகும் என்று முறைவையுங்கள். சகோதரிகள்மேல் மட்டும் இந்தப் பாரத்தைச் சுமத்தாதீர்கள். கடற்கரையில் நெருப்பு மூட்டியவர் நம் ஆண்டவரே; நம்மில் எந்த ஆணுக்கும் அடுப்பு இழிவல்ல. இப்போது நானும் இந்தச் சூப்பை வைக்கப் பழகிவிட்டேன். உப்பு மட்டும் சற்றுத் தூக்கலாகிவிடுகிறது என்று வீட்டில் ஒரு குறை உண்டு.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நோயாளியின் தலைமேல் கைவைக்கும் நாங்கள், அவனுடைய பசியையும் அறிந்துகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்கள் அடுப்புகளையும் உமது ஊழியத்திற்கு ஒப்புக்கொடுக்கிறோம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.