பாதி வழியில் இறக்கிவிடும் பட்டப்படிப்பு!

சமுதாய இளைஞனே! கடைத்தெருவில் கல்லாவில் அமர்ந்திருக்கும் பெரியவரே! இது உங்கள் வீட்டு விஷயம்.

2020இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கை, பல்துறைப் பட்டப்படிப்பைப் புகுத்தியது. அறிவியல் மாணவன் வரலாறும் படிக்கலாம், வரலாற்று மாணவன் கணக்கும் படிக்கலாம் என்றது. இதில் நமக்கு என்ன சண்டை? காஜியாக இருந்த இப்னு கல்தூன் வரலாறு, வணிகம், வரி அனைத்தையும் ஒரே நூலில் ஆராயவில்லையா? பெரம்பலூர் சின்ன வெங்காயத்தின் விலை ஏன் சரிகிறது? மழையும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும், ஏற்றுமதிச் சட்டமும் தெரிய வேண்டும். அரியலூர் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்த கதை நிலவியல். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவனின் கதை பொருளாதாரம். இரண்டும் அறிந்தவனே ஊருக்காக வாதாட முடியும்.

ஆபத்து எங்கே? அதே கொள்கையின் பின்வாசலில்! ஓராண்டில் விலகினால் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஆய்வுடன் பட்டம். டெல்லிப் பல்கலைக்கழகம் 2013இலேயே பல்துறைப் பாடங்களோடு இப்படியொரு நான்காண்டுத் திட்டத்தை நடத்திப் பார்த்தது. மாணவரும் ஆசிரியரும் எதிர்த்தார்கள், 2014இல் கைவிட்டது. 2022இல் புதிய கொள்கையின் பெயரால் அது திரும்பி வந்தது.

விலகியவன் மீண்டும் சேரலாமாம்! வசதியுள்ளவன் சேருவான். சவூதியில் ஒட்டகம் மேய்க்கப் போனவன் எந்த வகுப்புக்குத் திரும்புவான்? ஓராண்டுச் சான்றிதழைக் காட்டி குரூப்-1 தேர்வு எழுத முடியுமா? குரூப்-2 எழுத முடியுமா? 2007இல் பெற்ற 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருந்தும், பட்டம் கேட்கும் பதவிக்குப் பட்டம் இல்லாமல் போனால் என்ன பயன்? இருபது வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமோ பெற்றவர் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை என்று 2006இல் சச்சார் குழு சொன்னதை மறந்துவிட்டோமா?

டெல்லியை ஏசிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்! தமிழக அரசு இந்தக் கொள்கையை எதிர்த்தது. ஆனால் லெப்பைக்குடிக்காடானாலும் வி.களத்தூரானாலும், எந்தக் கொள்கையும் வராத காலத்திலேயே இந்தப் பின்வாசலைத் திறந்து வைத்தவர்கள் யார்? விசா வந்தால் படிப்பு நின்றது. கடைக்கு ஆள் குறைந்தால் படிப்பு நின்றது. டெல்லிக்காரன் சான்றிதழாவது தருகிறான். நாம் வெறுங்கையோடு இறக்கிவிட்டோம்!

"கடைக்கு எதற்குப் பட்டம்?" என்பீர்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு யார் வாசலில் போய் நின்றீர்கள்?

குரும்பலூரிலும் அரியலூரிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இளைஞனே, உன் துறையோடு பிற துறைப் பாடத்தையும் விரும்பி எடு. மஹல்லா நிர்வாகிகளே, கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் பட்டியலை ஜமாஅத்தில் வையுங்கள். நடுவில் எவன் பெயர் விடுபடுகிறதோ, அன்றே அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கட்டணம் தடையென்றால் பைத்துல்மால் எதற்கு இருக்கிறது? விசா மூன்றாண்டு காத்திருக்கட்டும். பட்டம் வாங்காமல் ஒரு பிள்ளையும் படியிறங்கக் கூடாது!