நடந்து செல்லும் சுகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாசத்துக்கு இனிய ஊர் எதுவென்று ஆராய்ந்த தங்கள் கட்டுரை, அகன்ற சாலைகளையும் பெரிய அங்காடிகளையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, கால்நடையாகச் செல்லும் சௌகரியத்தை அடியோடு மறந்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் பாயும் எங்கள் கும்பகோணத்தில், கும்பேசுவரரையும் சாரங்கபாணியையும் தரிசித்து, காய்கறியும் வாங்கிக்கொண்டு, 16 மண்டபங்கள் சூழ்ந்த மகாமகக் குளக்கரையில் சிநேகிதர்களுடன் சற்றே சம்பாஷித்துவிட்டு வீடு திரும்புவதற்கு, என் போன்ற வயோதிகர்களுக்கு வாகனம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அந்தச் சுதந்திரமே இவ்வூர் வாசத்தின் பரம சுகம். இப்போதோ கடைச் சரக்குகளும் இருசக்கர வாகனங்களும் நடைபாதைகளை ஆக்கிரமித்துவிட்டன.

2028-இல் வரவிருக்கும் மகாமகத்துக்கு முன்பாகவே அவற்றை மீட்டு, தெருவோரங்களில் புங்கமரங்களும் கல் ஆசனங்களும் அமைத்துத் தரும்படி அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.